வெட்டாத துணி

ஜொகூரில் ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சேலையின் வயதைச் சொல்ல வருஷக் கணக்கு தேவைப்பட்டதில்லை. எதற்குக் கட்டுகிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். தீபாவளிக்கு எடுத்தது முதல் வருஷம் கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் வெளியே வரும். அடுத்து குளுவாங் டவுனுக்குப் போகும்போது. அப்புறம் வீட்டுக்கட்டு. அதற்கும் பிறகு பால்மரம் வெட்ட. மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் இன்னொரு சேலையிலிருந்து கிழித்த முக்காட்டுத் துணி. மரத்துப் பால் ஒருமுறை பட்டுக் கறுத்துவிட்டால் எந்தச் சவுக்காரத்துக்கும் அந்தக் கறை போகாது. ஆகவே வெட்டுக்குப் போன துணி மறுபடி டவுனைப் பார்த்ததில்லை.

எல்லாச் சேலையும் மரக்காட்டுக்குப் போய்விடாது. நன்றாக நைந்து, கறை மட்டும் படாமல் தப்பிய நூல் சேலை ஒன்று தூளிக்கென்று ஒதுக்கப்படும். ஆயாக் கொட்டகையில் வரிசையாகத் தொங்கிய தூளிகளைப் பார்த்தால் எந்த வீட்டுப் பிள்ளை எதில் தூங்குகிறது என்பதைச் சேலையை வைத்தே சொல்லிவிடலாம். பிற்பாடு கயிற்றுக்குப் பதில் ஸ்பிரிங் வந்தது, சேலை மாறவில்லை. பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் அதே துணி தலையணை உறையாகும், கரித்துணியாகும், கடைசியில் விளக்குத் திரியாகும். மரத்திலும் பால் பிடிக்கும் மங்கிலும் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலைக்கூடப் பிய்த்தெடுத்து நிறுத்துக் கணக்கெழுதிய தோட்டம் அது. அங்கே துணியை யார் வீசுவார்கள்?

இதற்கு இன்று ஆங்கிலத்திலிருந்து ஒரு பெயர் வந்திருக்கிறது: அப்சைக்கிளிங். பழசை உடைத்துக் கூழாக்காமல், இருக்கிற உருவிலிருந்தே அதைவிட மதிப்புள்ள ஒன்றைச் செய்வது என்று பொருள். 1994இல் ரெய்னர் பில்ஸ் என்ற ஜெர்மானியர் ஒரு பேட்டியில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். அவர் பேசியது பழைய கட்டடப் பொருள்களைப் பற்றி. ஆடை உலகம் பிறகுதான் அதைத் தத்தெடுத்தது. இப்போது கோலாலம்பூர் கடைத்தொகுதிகளில் 'மரபுக் கைவினையிலிருந்து பிறந்தது' என்ற அட்டையோடு ஒட்டுத்துணிச் சட்டைகள் தொங்குகின்றன. அந்த மரபு தோட்டத்து லயத்திலும் இருந்தது என்று பெருமைப்பட்டுக்கொள்வது சுலபம். அப்படிப் பட்டால் பாதியை மறந்துவிட்டோம் என்று அர்த்தம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில் துணி கிடைக்காமல் கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டு, சில இடங்களில் ரப்பர் ஷீட்டையே உடம்பில் சுற்றிக்கொண்டு வாழ்ந்த ஜனங்கள் இவர்கள். சயாம் ரயில் பாதைக்குப் போன தோட்டத் தமிழர்களில் பலருக்கு இடுப்புச் சாக்குதான் உடை. மறுபயன்பாடு அங்கே கலையும் அல்ல, கொள்கையும் அல்ல. கூலி போதாது, துணி விலை அதிகம், அவ்வளவே.

ஆனாலும் அந்த வறுமைக்குள் ஓர் அறிவு இருந்தது. மரபிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது அதுதான் என்று நினைக்கிறேன்: துணி எப்படி மூப்படைகிறது என்ற அறிவு.

இட்லித் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். புதுத் துணியில் இட்லி ஊற்றினால் மாவு ஒட்டும். பல வருஷம் துவைத்த வேட்டியைக் கிழித்துப் போட்டால், நனைத்துத் தட்டில் விரித்த இடத்தில் அது படிந்து உட்காரும், ஆவியை விடும், வெந்த இட்லியையும் விட்டுவிடும். கூழ் வடகம் ஊற்றவும் அதே வேட்டிதான். காய்ந்ததும் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடகம் கழன்று வரும். பிறந்த குழந்தையைச் சுற்ற வீட்டுப் பெரியவர்கள் கட்டிய பழந்துணியை எடுப்பார்கள். ஆயுசுக்கு ஆசி என்பார்கள். தோலுக்கும் அது நல்லது. நெசவின்போது பாவில் ஏற்றிய கஞ்சியும் ஆலையில் போட்ட மெருகும் ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோகும். நூலின் முறுக்கு தளரும். பஞ்சின் மெல்லிழைகள் மேலெழும்பி நிற்கும். துணி வலுவை இழந்துகொண்டே மென்மையைச் சேர்க்கும். எந்தக் கட்டத்தில் எது எவ்வளவு என்று கையால் தொட்டே அறிந்தவர்கள்தான் இதைத் தூளிக்கு, இதைத் திரிக்கு என்று பிரித்தார்கள். தூளிக்கு மென்மையும் வேண்டும், பிள்ளையின் பாரத்தைத் தாங்கும் வலுவும் வேண்டும். திரிக்கு வலு வேண்டாம், எண்ணெயை உறிஞ்சினால் போதும்.

தைத்து ஒட்டுப்போட்ட துணி நம் இலக்கியத்தில் நுழைந்ததும் வறுமையோடுதான். பொருநராற்றுப்படையில் கரிகாலனைப் பார்க்கப் போகும் பொருநன் உடுத்தியிருப்பது வேர்வையில் நனைந்து, வேறு நூல் நுழைத்துத் தைத்த கந்தல். அதற்கு அங்கே வரும் சொல் 'துன்னல்'. துன்னுதல் என்றால் தைத்தல். அரசன் செய்கிற முதல் உபகாரங்களில் ஒன்று அந்தக் கந்தலைக் களைந்துவிட்டு நுண்ணிய புது ஆடை கொடுப்பது. சிலப்பதிகாரத்தின் புகார் நகரத்தில் துன்னகாரர் ஒரு தொழில் வர்க்கம். துணியையும் நெட்டியையும் கொண்டு பொருள்கள் செய்வோரும் அதே பட்டியலில் அடுத்து வருகிறார்கள். 'கந்தை'யோ வடமொழிக் 'கந்தா'விலிருந்து வந்தது என்கிறது தமிழ் லெக்சிகன். அதே சொல் வங்காளத்துக்குப் போய்க் 'காந்தா' ஆனது. நமக்கு அது கிழிசல், அவர்களுக்குக் கலை!

காந்தாவின் கதையை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழைய சேலை, வேட்டிகளை இரண்டு மூன்று அடுக்காக விரித்து, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டு, போர்வையாகவும் பிள்ளைத் துணியாகவும் ஆக்குவார்கள் வங்காளக் கிராமத்துப் பெண்கள். ஓர் அடுக்கு தாங்காது என்பதால் மூன்று அடுக்கு. அடுக்குகள் நகராமல் இருக்க நெருங்கிய தையல். அந்தத் தையலே போகப்போகத் தாமரையும் மீனும் ஆனது. குருசதாய் தத் இவற்றைத் தேடிச் சேர்த்தார். கொல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் அவர் பெயரில் காட்சியகம் உண்டு. கவிஞர் ஜசிமுத்தீன் 1929இல் ஒரு காந்தாவை மையமாக வைத்தே கதைக்கவிதை எழுதினார். பிறகு சந்தை வந்தது. வங்கதேசத்தில் 1978இல் தொடங்கிய ஆரோங் போன்ற நிறுவனங்கள் கிராமத்துப் பெண்களுக்கு இந்தத் தையலால் வருமானம் தேடித் தந்தன. இன்று கடையில் 'காந்தா சேலை' என்று கேட்டால் புத்தம் புது டசர் பட்டில் அந்த ஓட்டுத்தையலைப் போட்டுத் தருவார்கள். தையல் பிழைத்துக்கொண்டது, பழந்துணி கழன்று விழுந்தது. வருமானம் வந்த பெண்களிடம் போய் இதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதைத் துணியை மிச்சப்படுத்தும் கலை என்று இனிமேலும் விளம்பரம் செய்வது பொய்.

ஜப்பானின் போரோ என்ற ஒட்டுத்துணிக்கும் இதே கதி. வடக்கே அவோமோரியின் குளிரில் பருத்தி விளையாது. ஒசாகா பக்கத்திலிருந்து கப்பலில் வந்த பழைய பருத்திக் கந்தல்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்துத் தலைமுறை தலைமுறையாகப் போர்த்தினார்கள் விவசாயிகள். அவமானம் என்று ஒளித்து வைத்திருந்ததை சூசாபுரோ தனாகா என்பவர் வீடு வீடாகப் போய்ச் சேகரித்தார். இன்று போரோ போலத் தோன்றும்படி புதுத் துணியைக் கிழித்துத் தைத்த கோட்டுகள் விற்பனைக்கு உண்டு.

இந்த ஏமாற்று புதிதல்ல. ரெங்கத்திலிருந்து மேற்கே போனால் சிம்பாங் ரெங்கம், பத்து பகாட், பொந்தியான் என்று ஜாவா வம்சாவளியினர் நிறைந்த ஊர்கள். அவர்களுடைய மூதாதையர் நாட்டில் 'தம்பால்' என்றொரு பாத்தேக் உண்டு. தம்பால் என்றால் ஒட்டு. ஒரே முழுத் துணியில் முக்கோணம் முக்கோணமாக வெவ்வேறு கோலங்களை மெழுகால் வரைந்து, பல துண்டுகளைத் தைத்தது போலக் காட்டுவார்கள். நோயாளிக்குப் போர்த்தினால் பிழைப்பார் என்று நம்பிக்கை. உடைந்த உடம்பையும் ஒட்டுப்போடும் அல்லவா? ஒட்டின் தோற்றத்துக்கு மட்டும் ஒரு மதிப்பு என்பது ஜாவாவில் எப்போதோ வந்துவிட்டது. அவர்கள் அதை மறைக்கவில்லை என்பது ஒரு வித்தியாசம்.

சரி, இன்று ரெங்கத்தில் ஒருவர் தன் பழைய துணியை எடுத்து நல்ல உடை ஒன்று செய்ய நினைத்தால் எங்கே ஆரம்பிப்பது? துணி வெட்டியதா, வெட்டாததா என்று பார்ப்பதிலிருந்து என்பேன். சேலை ஐந்தரை மீட்டர், வேட்டி நாலு முழமோ எட்டு முழமோ, கைலி ஒரு தையலைப் பிரித்தால் இரண்டு மீட்டர். இவை எல்லாம் வெட்டாத துணிகள். உடுத்தியவரின் உடம்பு அவற்றில் பதிவதில்லை. கிமோனோவும் கிட்டத்தட்ட இப்படித்தான்: ஒரே சுருள் துணியை நேர்க்கோட்டில் வெட்டித் தைப்பது. துவைக்க வேண்டுமென்றால் தையலைப் பிரித்துத் துண்டுகளை நீளவாக்கில் சேர்த்துத் துவைத்து, மறுபடி தைப்பார்கள். வெட்டிய துணியில் அந்த வசதி இல்லை. ஒரு சட்டையைப் பிரித்தால் கிடைக்கும் பெரிய துண்டு அதன் முதுகு; மற்றவை வளைவும் நெளிவுமான சில்லறைகள்.

மலேசியத் தமிழ்ப் பெண்கள் இதற்கு எந்தப் பயிலரங்கும் போகாமல் ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: சேலையை மலாய் உடையான பாஜு கூரோங்காகத் தைப்பது. அம்மாவின் சேலையை எறிய மனமில்லை, தினம் சேலை கட்டி வேலைக்குப் போகவும் தோதில்லை. கூரோங்கின் தெலுக் பெலாங்கா வகை ஜொகூரின் சொந்தச் சொத்து. 19ஆம் நூற்றாண்டில் ஜொகூர் ஆட்சியாளர் அபு பாக்கார் காலத்தில், தலைநகர் தெலுக் பெலாங்காவிலிருந்து ஜொகூர் பாருவுக்கு மாறியதையொட்டி உருவானது என்பது இங்கே வழங்கும் வரலாறு. கழுத்தோரம் 'துலாங் பெலுட்', அதாவது விலாங்கின் முள் என்ற நுண்தையல். அந்த அழகைவிட அதன் வெட்டு முக்கியம். உடல் ஒரு நீண்ட துண்டு, பக்கத்துக்குப் 'பெசாக்', அக்குளுக்குக் 'கேகேக்' என்ற சிறு சதுரம். இடுப்பு வளைவோ மார்பு மடிப்போ கிடையாது. கிட்டத்தட்ட எல்லாம் நேர்வெட்டு, ஆகவே வீணாவது சொற்பம். ஒரு ஜோடிக்கு நான்கு மீட்டர் சுமாராக வேண்டும். ஐந்தரை மீட்டர் சேலையில் நைந்த பகுதியைத் தவிர்த்துவிட்டே அதை எடுத்துவிடலாம்.

தவிர்க்க வேண்டியது எது என்பதில்தான் தையற்காரம்மாவின் கெட்டிக்காரத்தனம். சேலையைச் சன்னலுக்கு நேரே பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். கால் மிதிபட்ட கீழ்க்கரை ஓரம் பிசிறியிருக்கும். இடுப்பில் செருகிய இடமும் முழங்கால் மடியும் இடமும் வலை போலத் தெரியும். கை துடைத்தே முந்தானை நுனி தேய்ந்திருக்கும். பட்டாக இருந்தால் பீரோவில் வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த கோட்டில் விரல் வைத்தாலே கிழியும். கொசுவத்தின் உள்மடிப்புகள் மட்டும் கடையில் எடுத்த அன்று போலவே இருக்கும். அதிலிருந்து உடல் துண்டு. துணியைக் குறுக்காகத் திருப்பிப் போட்டால் சேலையின் கரை கூரோங்கின் கீழ் விளிம்பாக வந்து விழும். முந்தானையில் நல்லதாக மிஞ்சியது கைக்கு. பிறகு உள்ளே மெல்லிய பருத்தி லைனிங். இழுபடும் பாரத்தை லைனிங் வாங்கிக்கொள்ளும், சேலை மேலே பார்வைக்கு நிற்கும். காந்தாவின் அடுக்குதான் இது, ஊசி மட்டும் மெஷினுக்கு மாறியிருக்கிறது. நம் கோயில் தேர்களில் தொங்கும் தஞ்சாவூர்த் தொம்பையும் இதே இரகசியத்தில் நிற்கிறது: அடித்துணி தாங்கும், மேலே ஒட்டித் தைத்த சிவப்பும் பச்சையும் அலங்கரிக்கும். கறைபட்ட துணியைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்குத் தொம்பையைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. ஒட்டுக்குக் கீழே கறை இருப்பது யாருக்குத் தெரியும்?

இனி வெட்டிய துணி. நிலைமை இங்கேதான் மோசம். ஜொகூரில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பண்டல் கடை கண்ணில் படும். மூட்டை மூட்டையாகக் கட்டி வருவதால் அந்தப் பெயர். ஜப்பானியப் பழைய துணி பெரும் பங்கு. ஜப்பானின் புக்ஆஃப் நிறுவனம் 2016இல் சிலாங்கூரில் தன் 'ஜாலான் ஜாலான் ஜப்பான்' கடையைத் திறந்ததே அங்கே விலைபோகாததை இங்கே விற்கத்தான். மலேசியா பழந்துணியை வாங்கி, தரம் பிரித்து, மீண்டும் வேறு நாடுகளுக்கு அனுப்பும் ஓர் இடைத்தரகு நாடு. வாங்குகிறவர்களுக்கு லாபம்தான், நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் குவியலைத் துண்டு போட்டுப் புது உடை செய்ய உட்கார்ந்தால் முதல் தடை கத்தரிக்கோலுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது: அது என்ன இழை?

உள் தையலோரத்துத் துணியிலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் கருகும் வாடையோடு எரிந்து பூப்போலச் சாம்பலானால் பருத்தி. முடி கருகும் நாற்றமென்றால் பட்டு அல்லது கம்பளி. நெருப்பைக் கண்டதும் சுருங்கி, உருகி, ஆறியதும் கெட்டியாக ஒரு மணி நின்றால் பாலியெஸ்டர். இன்று குவியலில் எடுப்பது பெரும்பாலும் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்ததாக இருக்கும்: கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் மணி. டெட்ரான், நைலக்ஸ் என்ற செயற்கை இழைத் துணிகள் தோட்டத்துக்குள் வந்த காலத்திலேயே பாட்டிகள் இதைக் கண்டுகொண்டார்கள். 'தேயாது' என்று கடைக்காரர் புகழ்ந்த அதே குணத்தால் நைலக்ஸ் சேலை தூளிக்கு ஆகவில்லை. பிள்ளைக்கு வேர்த்தது, துணி வழுக்கியது. கரித்துணியாக்கினால் சூட்டில் உருகியது, திரியாக்க வழியே இல்லை. மூப்படையாத துணிக்கு அடுத்த பிறவி கிடையாது. முத்து முத்தாகப் பிசிறி அசிங்கமாகும், ஆனால் மென்மையாகாது. மரபுக் கைவினையை இன்றைய துணிக்கு அப்படியே தூக்கி வைப்பதில் உள்ள சிக்கல் இதுதான். காந்தாவும் போரோவும் நைந்து மென்மையாகும் இழைக்காகப் பிறந்தவை. கலப்பு டி-சட்டையில் அந்தத் தையலைப் போட்டால் தையல் மட்டும்தான் மரபு.

இழையாக்கித் திரும்ப நூற்கலாமே என்று கேட்கலாம். செய்கிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி வெட்டுமேசையிலிருந்து விழும் துண்டுகளுக்குப் 'பனியன் வேஸ்ட்' என்று பெயர், அதற்கென்றே வியாபாரிகள், குடோன்கள். நிறம் நிறமாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, ஓப்பன் எண்ட் மில்லில் நூலாக்குகிறார்கள். நிறம் பிரித்தே நூற்பதால் சாயம் போடும் செலவும் தண்ணீரும் மிச்சம். பானிப்பட்டில் உலகத்துப் பழைய கம்பளிச் சட்டைகள் கந்தலாகி மறுபடி போர்வையாகின்றன; 1813இல் இங்கிலாந்தின் பாட்லியில் பெஞ்சமின் லா தொடங்கிய 'ஷாடி' நூற்பின் வாரிசு அது. ஆனால் திருப்பூர் வேஸ்ட் உடுத்தாத துணி, என்ன இழை என்று தெரிந்த துணி. உடுத்திக் கழித்த துணியின் கணக்கு வேறு. எலன் மக்ஆர்தர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஆடைக்குப் போகும் இழையில் மீண்டும் ஆடையாகத் திரும்புவது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஓர் ஆடையைத் தூக்கிப் போடும் முன் உடுத்தும் தடவைகள் 15 ஆண்டுகளில் 36 விழுக்காடு குறைந்துவிட்டதாகவும் அதே அறிக்கை சொல்கிறது. என் பார்வையில் இரண்டாவது எண்தான் பயங்கரமானது.

அப்படித் தூக்கிப் போடும் குப்பை எங்கே போகிறது என்பது ரெங்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சி.இ.பி. 1 குப்பைமேட்டிலிருந்து கசிந்த நீரால் பெனுட் ஆற்றில் அம்மோனியா ஏறி, 2018, 2019ஆம் ஆண்டுகளில் சிம்பாங் ரெங்கம் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பலமுறை மூட நேர்ந்தது. வட்டாரம் லோரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றது. அந்த அம்மோனியாவுக்குத் துணியைப் பிடித்துக் குற்றம் சொல்வது நியாயமாகாது, முக்கியக் காரணம் அழுகும் உணவுக்கழிவு. ஆனால் அழுகவே அழுகாமல் அந்த மேட்டில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பதில் பாலியெஸ்டருக்குப் பங்குண்டு. ஜொகூர் உள்ளிட்ட மாநிலங்களில் 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பை பிரிக்கச் சட்டம் சொல்கிறது. அந்தப் பட்டியலில் துணியும் செருப்பும் ரப்பரும் தோலும் ஒரே இனம். ரப்பர்த் தோட்டத்துத் துணிக்குப் பொருத்தமான சகவாசம்தான்!

பழந்துணியைக் குப்பைக்குப் போகாமல் மீட்கும் முயற்சிகள் நாட்டில் இல்லாமலில்லை. க்ளோத் அமைப்பு 2018 முதல் பல இடங்களில் துணிப்பெட்டி வைத்துச் சேகரிக்கிறது. சூரி என்ற சமூக நிறுவனம் வருமானம் குறைந்த தாய்மார்களைக் கொண்டு பழைய டெனிமில் பை தைக்கிறது. பிஜி-பிஜி, பதாகைத் துணியையும் கார் பெல்ட்டையும் பையாக்கியது. டெனிமும் பெல்ட்டும் ஏன் என்று யோசித்தால் விஷயம் விளங்கும்: கனமும் ஒரே சீரும் உள்ளவை அவை, துண்டு சிறிதானாலும் பைக்குத் தாங்கும். விலையில் அதிகம் தின்பது தைக்கிற நேரமல்ல, பிரிக்கிற நேரம். ஒரு ஜீன்ஸின் தொடைத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். இரட்டை மடிப்பு, அதன்மேல் அறாத பாலியெஸ்டர் நூல். ஒரு காலை விரிக்கவே ஒரு மணி நேரம் ஆனது, விரல் நுனி காய்த்துவிட்டது. அந்தக் கூலியைச் சேர்த்து விலை போட்டால் வாங்குகிறவர் முகம் சுளிக்கிறார், சேர்க்காவிட்டால் தைக்கிற அம்மா பட்டினி. பத்து பகாட்டில் ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஒரே நிறத்து, ஒரே இழையான வெட்டுத்துண்டுகள் அங்கே விழாமல் இருக்க முடியாது. ரெங்கத்தில் தையல் தெரிந்த கைகளுக்குப் பண்டல் குவியலைவிட அந்தத் துண்டுகள்தான் தோதான சரக்கு என்பது என் கணிப்பு.

பிரிப்பது சுலபமா சிரமமா என்பது தைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. கைக்குக் கிடைத்த இரண்டு ரவிக்கைகளை உட்புறம் திருப்பிப் பாருங்கள். கடையில் வாங்கிய ரெடிமேட் ரவிக்கையில் ஓவர்லாக் ஓடிய ஓரம், அதைத் தாண்டி ஒரு நூல் துணி இருக்காது. விளிம்போடு வெட்டி எறிந்திருப்பார்கள். தையற்காரம்மா தைத்த ரவிக்கையில் பக்கவாட்டில் இரண்டு மூன்று தையல் கோடுகள் அருகருகே ஓடும். உடம்பு பெருத்தால் ஒன்றைப் பிரிக்கலாம், மகளுக்குப் போனால் இன்னொன்றைப் பிடிக்கலாம். சேலையை வெட்டிக் கூரோங் தைக்கக் கொடுக்கும் அம்மாக்கள் இன்றும் அளவு சொல்லி முடித்துவிட்டு, வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிச் சொல்வார்கள்: "அக்கா, ரெண்டு பக்கமும் உள்ள ஒரு இஞ்சு விட்டுத் தைச்சிருங்க."